குடியானவர்களுக்கு உகந்த தலைவிளக்கு

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளைக் குடியானவர்கள் நன்கு அறிவர். மதகுப் பலகை, மணல் மூட்டை, மண்வெட்டி, கடப்பாறை ஆகியவை உரிய காலத்தில் தயாராகிவிடுகின்றன. இவற்றை எடுத்துக்கொண்டு நள்ளிரவில் கரைக்குப் போகிறவர் எந்த வெளிச்சத்தில் போகப்போகிறார் என்பதை மட்டும் ஒருவரும் முன்கூட்டி எண்ணுவதில்லை. மழை பிடித்த பிறகு வாலாஜாபாத் கடைத்தெருவுக்கு ஓடி, கைக்குக் கிடைத்த விளக்கை வாங்கிவருவதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது. அவ்வாறு வாங்கிய விளக்கு எப்பொழுது அணையும் என்பது, அது அணையும்பொழுதுதான் தெரியவரும்.

தென்னேரியில் நிலமுடையோருக்கு இது சிறு விஷயமன்று. திரையனேரி என்ற பெயரே தென்னேரி என மருவிற்று என்று பெரியோர் கூறும் இவ்வேரி, காஞ்சிபுரம் ஜில்லாவின் பெரிய ஏரிகளுள் ஒன்று. அதன் கரையில் ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுக்கு இரவில் நடந்து போய்வருவதே ஒரு வேலையாகும். இது தவிர, மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் மோட்டார்க் கொட்டகைக்குப் போக வேண்டும்; மடை மாற்ற வேண்டும்; விடியுமுன் மாடு கறக்க வேண்டும்; ஈனுகிற பசுவின் அருகில் விழித்திருக்க வேண்டும். இவை யாவும் இரண்டு கைகளையும் வேண்டுகிற வேலைகள். கை டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மண்வெட்டி பிடித்தவர்களுக்கு இதன் துன்பம் தெரியும்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை இப்பக்கத்தில் மறந்தவர் இரார். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. அன்றிரவு வாலாஜாபாத்தைச் சார்ந்த சிற்றேரி ஒன்றின் கரையில் ஊராருடன் நானும் நின்றேன். கரையின் வெளிப்புற அடிவாரத்தில் ஓரிடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. கசியும் நீர் தெளிவாயிருக்கும் வரையில் அவ்வளவு பயமில்லை. அது கலங்கி வருமாயின் கரையின் உள்மண்ணை அரித்துக்கொண்டு வருகிறதென்று பொருள். உடனே கசிவைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, நீர் அதற்குள் ஏறி நின்று வேகம் தணியும்படி செய்ய வேண்டும். ஆகவே நீர் தெளிவோ கலங்கலோ என்று பார்த்துக்கொண்டிருப்பதே எங்கள் முதல் வேலையாயிற்று.

என் நெற்றியில் இருந்த விளக்கின் பெட்டியில் பத்தாயிரம் லூமென் என்று அச்சிட்டிருந்தது. ஏற்றிய முதல் அரைமணி நேரம் எல்லோரும் வியந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் அது மங்கியது. இரண்டு மணி நேரம் ஆகுமுன் அடியோடு அணைந்துவிட்டது. கைப்பேசியோ நனைந்து முன்னமே பயனற்றுப் போயிருந்தது. ஊர் நீர்க்கட்டியாகிய முதியவர் ஒருவர், மூன்று சிறு செல்கள் போட்ட பழைய தலைவிளக்கை மிகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு கசிவின் அருகே குந்தியிருந்தார். “சார், நீங்க மூட்டையைப் பிடிங்க, தண்ணிய நான் பாத்துக்கறேன்” என்றார். நடுநிசிக்கு மேல் நீர் கலங்கியதை முதலில் கண்டவர் அவரே. மூட்டைகள் அடுக்கப்பட்டன, கரை நின்றது. அவருடைய விளக்கு விடியுமட்டும் எரிந்தது.

அதன்பின் கையில் அகப்பட்ட தலைவிளக்குகளையெல்லாம் சோதித்துப் பார்ப்பதை ஒரு பழக்கமாக வைத்துக்கொண்டேன். விளக்கு வாங்குகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது ‘எவ்வளவு வெளிச்சம்?’ என்பதன்று, ‘எத்தனை மணி நேரம் எரியும், அணையுமுன் எப்படித் தெரிவிக்கும்?’ என்பதே. என் சோதனைகளெல்லாம் இந்த ஒரு கேள்வியிலேயே வந்து முடிந்தன.

தலையில் விளக்கு அணிவது புதிய யோசனையன்று. சுரங்கத் தொழிலாளிகளுக்கு எடிசன் 1910-களிலேயே மின்சாரத் தொப்பிவிளக்குச் செய்து கொடுத்தார். அதன் பாட்டரி கனமானதால் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. நம் நாட்டில் கன்னியாகுமரிப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டுவோரும், மதுரை, சத்தியமங்கலம் பக்கங்களில் இருட்டிலேயே பூப்பறிப்போரும் தலைவிளக்கை அன்றாடக் கருவியாகக் கொண்டிருக்கிறார்கள். குறைந்த மின்சாரத்தில் மிகுந்த வெள்ளொளி தரும் எல்.இ.டி. விளக்கு, 1990-களில் திறமையான நீல ஒளி தரும் எல்.இ.டி. கண்டுபிடிக்கப்பட்டதனால் சாத்தியமாயிற்று, அதற்காக ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. விளக்கின் தலைப்பகுதி இப்பொழுது மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கிறது. மோசம் நடப்பது பெரும்பாலும் பாட்டரியில்தான்.

கடைகளில் மூன்று வகைப் பாட்டரிகள் உள்ள விளக்குகளைக் காணலாம். முதலாவது, 4 வோல்ட் ஈயப் பாட்டரி. இது கனமானது, இடுப்புப் பெட்டியிலிருந்து வயர் மூலம் நெற்றிக்கு மின்சாரம் வரும். விலை மலிவு, அணையுமுன் படிப்படியாக மங்குவதால் எச்சரிக்கை கிடைக்கும். ஆயின் இதை மின்னேற்றாமல் மூன்று நான்கு மாதம் பரணில் போட்டுவைத்தால் உட்தகடுகள் கெட்டுப்போகும். சொர்ணவாரி அறுவடையோடு எடுத்து வைத்துவிட்டு மழைக்காலத்தில் தேடுகிறவருக்கு இது உதவாது. இரண்டாவது, லித்தியம் பாட்டரி. பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளை வடிவச் செல். அந்த அளவைக் கொண்டே 18650 என்று இதற்குப் பெயர். கனம் குறைவு, சக்தி அதிகம். மூன்றாவது, டி.வி. ரிமோட்டில் போடுகிற மெல்லிய ஏ.ஏ.ஏ. செல்கள் மூன்று. சக்தி குறைவானாலும் எந்தப் பெட்டிக் கடையிலும் மாற்றுச் செல் கிடைக்கும். நான்கு நாள் மின்சாரம் இல்லாத வெள்ளக் காலத்தில் இந்த ஒரு சௌகரியம் மற்றெல்லாவற்றையும் விட மேலானது. அன்று அந்த முதியவருக்குத் துணை நின்றதும் இதுவே.

பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களைச் சோதிக்க இரண்டு கணக்குகள் போதும். எல்.இ.டி. விளக்கு ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமென் ஒளி தரும் என்று வைத்துக்கொள்ளலாம். பத்தாயிரம் லூமென் வேண்டுமானால் 100 வாட் செலவாகும். நல்ல 18650 செல் ஒன்று 3.7 வோல்ட்டில் 3,000 மில்லி ஆம்பியர் மணி தருமாயின், அதில் அடங்கிய சக்தி சுமார் 11 வாட் மணி. 100 வாட் இழுக்கும் விளக்குக்கு இது ஏழு நிமிஷத்துக்கும் காணாது. ஆகவே ஒரே செல்லில் பத்தாயிரம் லூமென்னும் பத்து மணி நேரமும் சேர்த்து எழுதியிருப்பவர் கணக்கறியாதவர், அல்லது நம்மைக் கணக்கறியாதவர் என்று எண்ணியவர். அதே செல்லில் ஒரு வாட் விளக்கு, அதாவது 100 லூமென், வழியில் வீணாவது போக எட்டு ஒன்பது மணி நேரம் எரியும். இரவு முழுவதற்கும் அதுவே போதுமானது.

இரண்டாவது கணக்கு செல்லைப் பற்றியது. 18650 அளவுள்ள செல்களில் சிறந்தவையே சுமார் 3,500 மில்லி ஆம்பியர் மணிதான் தருகின்றன. 6,800 என்றும் 9,900 என்றும் அச்சிட்டவை பொய். உண்மையான செல் சுமார் 45 கிராம் இருக்கும். 30 கிராமும் தேறாதவற்றில் உள்ளே சிறு செல் ஒன்றை வைத்து மேலே பெரிய கூட்டை மூடியிருப்பார்கள். காஞ்சிபுரத்தில் பட்டையும் ஜரிகையையும் கிராம் கணக்கில் நிறுக்கிற தராசுகளுக்குக் குறைவில்லை. நெசவாளர் நண்பர் எவராவது இருந்தால் ஒரு நிமிஷத்தில் நிறுத்துப் பார்த்துவிடலாம். எடைக்காக உள்ளே மண்ணை நிரப்புவோரும் உண்டாதலால், எடை சரியாயிருப்பது மட்டும் போதாது. செல்லின்மேல் ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும்.

பெட்டியில் எப்.எல். 1 என்ற குறி இருந்தால், அது 2009-ல் அமெரிக்காவில் ஏற்படுத்தப்பட்ட அளவு முறையின்படி சோதித்ததாகக் கூறுவது. ஆனால் அம்முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஏற்றி 30 விநாடிக்குப் பின் உள்ள ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையில் எரியும் நேரமாகவே கணக்கிடுவர். 200 லூமென், 40 மணி நேரம் என்றிருந்தால், அந்த 40 மணியில் பெரும்பகுதி 20, 30 லூமென் அளவிலேயே கழிந்திருக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் நம்பத்தக்கது வீட்டில் செய்யும் சோதனை. விளக்கை வாங்கிய அன்றே முழுவதும் மின்னேற்றி, மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் இருண்ட அறையொன்றில் ஆணியில் மாட்டி, நடு வெளிச்சத்தில் ஏற்றிவிட வேண்டும். மணிக்கொரு முறை சென்று, அதன் எதிரே எட்டடி தூரத்தில் செய்தித்தாளைப் பிடித்துப் படிக்க முடிகிறதா என்று பார்த்துக் குறித்துவர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு முன்பே எழுத்துத் தெரியாமற் போகுமாயின், கடைக்காரர் திருப்பி வாங்கும் நாட்களுக்குள் கொடுத்துவிடலாம். லித்தியம் விளக்குகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றில் சில கடைசி நிமிஷம் வரை ஒரே சீராக எரிந்து, செல்லைக் காக்கும் பொருட்டுத் திடீரென்று அணைந்துவிடும். சீரான வெளிச்சம் நல்லதே. ஆனால் சக்தி குறையும்பொழுது சிவப்புப் புள்ளி காட்டுவதோ, சிலமுறை கண் சிமிட்டுவதோ இல்லாத விளக்கைக் கரைக்கு எடுத்துப் போகலாகாது.

வெளிச்சத்தின் அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பசு கறக்கவும், மோட்டார்க் கொட்டகையில் பியூஸ் பார்க்கவும் 30 முதல் 50 லூமென் போதும். வரப்பில் நடக்க 100. கரையின் தூரப் பகுதியைப் பார்க்க 200 அல்லது 300 வேண்டியிருக்கும், அதுவும் சில நிமிஷங்களுக்கே. இரு மடங்கு தூரத்தை அதே தெளிவுடன் பார்க்க நான்கு மடங்கு ஒளி வேண்டும் என்பதை மறக்கலாகாது. கூர்மையான ஒற்றைக் கதிர் மட்டும் உள்ள விளக்கு வேட்டைக்காரனுக்கு ஏற்றது (வேட்டையோ 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்). குடியானவருக்குப் பரந்த ஒளியும் கதிரும் இரண்டும் உள்ளதே நல்லது. முன்புறக் கனம் 100 கிராமுக்கு மேற்படாதிருக்க வேண்டும். துண்டைத் தலையில் கட்டி அதன்மேல் பட்டையைப் போட்டால் வியர்வையில் நழுவாது.

இனி, மிகவும் முக்கியமான ஒரு விஷயம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டு முதல் பாம்புக்கடி அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. நெல் வயல்களிலும் வரப்புகளிலும் அதிகம் கடிப்பது கண்ணாடி விரியன். எலியைத் தேடி இரவில் திரியும் அது, காலடி ஓசைக்கு விலகி ஓடாமல் சுருண்டு கிடக்கும் இயல்புடையது. வெள்ளத்தில் வளைகள் மூழ்கும்பொழுது எல்லாப் பாம்புகளும் மேடான கரைக்கே ஏறிவருகின்றன. நாமும் அங்கேயே நிற்கிறோம்.

தலைவிளக்குக்கு இவ்விடத்தில் ஒரு குறை உண்டு. அதை விற்பவர் சொல்லமாட்டார். விளக்கு கண்ணுக்கு அருகிலேயே இருப்பதால், எதிரிலுள்ள பொருளின் நிழல் அப்பொருளுக்குப் பின்னாலேயே மறைந்துவிடுகிறது. பள்ளமும் மேடும் ஒன்றாகத் தோன்றும். காய்ந்த தாள்களிடையே சுருண்ட விரியன் மண்ணோடு மண்ணாகத் தோன்றும். நாய், பூனைகளின் கண்களைப் போல் பாம்பின் கண் வெளிச்சத்தில் மின்னுவதுமில்லை. புல்லில் பச்சையாக மின்னுபவை பெரும்பாலும் சிலந்திகளே. ஆகவே நடக்கும்பொழுது விளக்கைத் தலையிலிருந்து கழற்றி, முழங்கால் உயரத்தில் கையில் பிடித்துக்கொண்டு, மறுகையில் தடியுடன் செல்ல வேண்டும். தாழ்ந்த ஒளியில் ஒவ்வொரு மண்கட்டிக்கும் நிழல் விழும், சுருளும் தெரியும். வேலை செய்யுமிடத்தை அடைந்ததும், சுற்றிலும் ஒருமுறை பார்த்த பின் தலையில் மாட்டிக்கொள்ளலாம். இதற்காகவே, பட்டையிலிருந்து எளிதில் கழற்றக்கூடிய விளக்கை நான் விரும்புகிறேன். மார்கழிப் பனியிலும் இதே முறைதான். நெற்றியிலிருந்து வரும் ஒளி பனியில் பட்டுக் கண்ணிலேயே திரும்பி வெண்சுவர்போல் நிற்கும், இடுப்புக்குத் தாழ்த்தினால் வழி தெரியும்.

விளக்கு இருக்கிறதென்று வெறுங்காலோடு போகலாகாது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108 வண்டியை அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அம்மருந்து செய்வதற்கான விஷத்தை, நமக்கு அணித்தேயுள்ள வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துக் கொடுத்துவருகிறார்கள் என்பதைப் பலர் அறியார்.

நீல நிறம் மிகுந்த வெள்ளொளிக்குப் பூச்சிகள் அதிகம் கூடும். தண்டுத் துளைப்பானின் தாய்ப்பூச்சியைப் பிடிக்க வயலில் வைக்கும் விளக்குப்பொறியின் தத்துவம் இதுவே; அப்பொறியை நெற்றியில் சுமந்துகொண்டு மடை திறப்பவர் பாடு சொல்லவேண்டியதில்லை. மஞ்சள் கலந்த ஒளியில் பூச்சித் தொல்லை குறைவு. இலையின் பழுப்பும் பச்சையும், நூலின் சாயமும் அதில் ஓரளவு சரியாகத் தெரியும். மழையைப் பொறுத்தவரை, ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறி எப்பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். இது இல்லாததை வாங்கவே வேண்டாம். மதகுக் குழியில் இறங்குவோருக்கு, ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் ஐ.பி.எக்ஸ். 7 வேண்டும். மின்னேற்றும் துளையின் ரப்பர் மூடி தளர்ந்துபோனால் இக்குறிகளால் பிரயோஜனமில்லை. நனைந்த விளக்கை அன்றே மின்னேற்றாமல் ஒரு நாள் நிழலில் உலர்த்த வேண்டும்.

லித்தியம் செல்லை நெடுநாள் வைப்பதானால் முழுவதும் ஏற்றாமலும் முழுவதும் இறக்காமலும் பாதியளவில் வைக்க வேண்டும். வைக்கோற் போர் அருகிலோ, படுக்கையிலோ, எல்லோரும் தூங்கும் நேரத்திலோ மின்னேற்றலாகாது. உப்பிய செல்லை அன்றே நீக்கிவிட வேண்டும். குப்பையில் எறியாமல் பாட்டரி விற்பவரிடமே திருப்பிக் கொடுக்க 2022-ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. மாற்றுச் செல்லைச் சில்லறைக் காசோடும் சாவிக்கொத்தோடும் மடியில் போட்டுக்கொண்டால், இரு முனைகளும் இணைந்து நெருப்புப் பிடிக்கும். தனி உறையில் வைக்க வேண்டும். ஏ.ஏ.ஏ. செல் விளக்கை எடுத்து வைக்கும்பொழுது செல்களைக் கழற்றிவிடாவிட்டால், உள்ளிருந்து கசியும் காரநீர் தகடுகளை அரித்துவிடும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. தனியொருவர் விளக்கு எப்படியிருப்பினும், கரைகாவலுக்கென்று ஊருக்குப் பொதுவாக நான்கு விளக்குகளாவது இருத்தல் நலம். அவற்றில் இரண்டு லித்தியம் வகையாகவும் இரண்டு ஏ.ஏ.ஏ. செல் வகையாகவும் இருக்கட்டும். செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று அவற்றை ஏற்றிப் பார்த்து, மின்னேற்றிய நாளையும் செல் மாற்றிய நாளையும் ஒரு சிறு நோட்டில் குறித்து, நோட்டையும் விளக்கையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டியின் சாவி, பகலில் மட்டும் திறக்கும் அலுவலகத்தில் இராமல், ஏரிக்கரைக்கு அருகில் குடியிருப்பவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.